_ஈடேட்டாவை பிரிண்ட் செய்தால் ஏன் சம்பந்தமில்லாத எண் வருகிறது?

ஜூன் 9, இரவு 10.15 (மன்னார்குடியிலிருந்து ஒரு மாணவர்)

கல்லூரி புராஜெக்டுக்கு எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வைத்து வயல் நீர்மட்டம் பார்க்கும் கருவி செய்கிறேன். எவ்வளவு ரேம் பிடித்திருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும். மெயினுக்கு முன் ஓடும் கோடு உள்ள ஸ்டார்ட்அப் ஃபைலில் _எஸ்டேட்டா, _ஈடேட்டா என்று பெயர்கள் இருந்தன. எக்ஸ்டர்ன் இன்ட் _ஈடேட்டா என்று எழுதி பிரிண்ட்எஃப் போட்டால் பூஜ்யம் வருகிறது. வேறு எங்கோ ஒரு வரி சேர்த்தால் ஏதோ பெரிய எண் வருகிறது. எந்த சி ஃபைலிலும் இந்த வேரியபிளை யாரும் உருவாக்கவில்லை. லைப்ரரியில் பிழையா?

ஜூன் 9, இரவு 11.05

தம்பி, லைப்ரரியில் பிழை இல்லை. அந்தப் பெயரை உருவாக்கியது கம்பைலர் அல்ல, லிங்கர். கம்பைலர் தரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாகக் கோத்து, எது எந்த முகவரியில் என்று முடிவு செய்வது லிங்கர்தான். அதனால்தான் எந்த சி ஃபைலில் தேடியும் கிடைக்கவில்லை.

சாதாரணமாக நீங்கள் ஒரு வேரியபிள் எழுதினால் இரண்டு வேலை நடக்கிறது. கம்பைலர் அதற்கு இடம் ஒதுக்குகிறது. லிங்கர் அந்த இடத்துக்கு முகவரி கொடுத்து, சிம்பல் டேபிளில் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொள்கிறது. _ஈடேட்டா விஷயத்தில் முதல் வேலை நடக்கவே இல்லை. பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, அதற்கென்று ஒரு பைட் இடம்கூட யாரும் ஒதுக்கவில்லை.

வயலுக்கு சர்வே கல் நடுகிறோம் இல்லையா, அதுதான் இது. கல் நிற்கிற இடம்தான் செய்தி. அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வயல். நீங்கள் பிரிண்ட் செய்தது பக்கத்து வயலின் முதல் நாற்றை. தொடக்க மதிப்பு கொடுத்த வேரியபிள்கள் இருப்பது டேட்டா பகுதி. அது முடிந்ததும் அடுத்துத் தொடங்குவது பிஎஸ்எஸ், தொடக்க மதிப்பு கொடுக்காதவற்றின் பகுதி. அதில் முதலில் உட்கார்ந்திருக்கும் வேரியபிளின் மதிப்பைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பிஎஸ்எஸ் முழுவதும் தொடக்கத்தில் பூஜ்யமாக்கப்படும், அதனால் பூஜ்யம். ஒரு வரி சேர்த்ததும் அந்த முதல் இடத்துக்கு வேறு வேரியபிள் வந்துவிட்டது, அதனால் வேறு எண்.

உங்களுக்கு வேண்டியது முகவரி. &_ஈடேட்டா என்று எழுதுங்கள்.

ஜூன் 9, இரவு 11.20

ஒன்று விட்டுப்போனது. ரேம் கணக்குக்கு _ஈடேட்டா போதாது, பிஎஸ்எஸ்ஸும் ரேம்தான். பெயரின் முன்னால் எஸ் என்றால் அந்தப் பகுதியின் தொடக்கம், ஈ என்றால் முடிவு. &_ஈபிஎஸ்எஸ் இலிருந்து &_எஸ்டேட்டாவைக் கழியுங்கள். முடிவைக் குறிக்கும் சிம்பல்கள் எல்லாமே கடைசி பைட்டுக்கு அடுத்த முகவரியில் நிற்கும். எனவே கழித்தால் நேராக அளவு வரும், ஒன்று கூட்ட வேண்டியதில்லை.

ஜூன் 10, காலை 7.30

தம்பி பதில் போட்டிருக்கிறார்: திரையில் 1033 வருகிறதாம். எந்தப் பெயர் எந்த முகவரியில் என்று லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலில் பார்த்தால் _எஸ்டேட்டா ஹெக்ஸில் 20000000, _ஈபிஎஸ்எஸ் 20001024. அதன்படி 4132 பைட் வர வேண்டுமே என்று கேட்கிறார்.

மேப் ஃபைலைத் திறந்து பார்த்ததற்கே ஒரு சபாஷ். 4132ஐ 4ஆல் வகுத்துப் பாருங்கள், 1033. இன்ட் என்று அறிவித்ததால் இரண்டு இன்ட் பாயிண்டர்களைக் கழிக்கிறீர்கள். சி மொழி அதற்கு நடுவில் எத்தனை இன்ட் இருக்கிறது என்று சொல்கிறது, எத்தனை பைட் என்று சொல்வதில்லை.

இதனால்தான் நான் இந்த சிம்பல்களை எப்போதும் கேரக்டர் அர்ரேயாக அறிவிப்பேன், அளவு போடாமல் வெறும் சதுர அடைப்போடு. அர்ரே பெயரை எழுதினாலே அது முகவரி. & போட மறந்து நேற்று மாதிரி பக்கத்து மதிப்பைப் படிக்கும் அபாயமும் போகிறது, கழித்தால் பைட் கணக்கும் நேராக வருகிறது. & போட்டு எழுதுவதும் சரிதான். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்தக் கோடைத் தொடும்போது & தவறிவிடும், கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராது.

இன்னொன்று. சைஸ் என்ற கட்டளையை ஓட்டினால் பிஎஸ்எஸ் இதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்த போர்டுகளுக்கு வழக்கமாக வரும் லிங்கர் ஸ்கிரிப்ட் (எதை எங்கே வைப்பது என்று லிங்கருக்குச் சொல்லும் ஃபைல்), ஓடும்போது கேட்டு வாங்கும் இடமான ஹீப்புக்கு 512, ஃபங்ஷன்களின் தற்காலிக இடமான ஸ்டாக்குக்கு 1024 பைட் என்று தனியாக ஒரு பகுதி ஒதுக்கி வைக்கும். சைஸ் அதையும் பிஎஸ்எஸ் கணக்கில் சேர்த்துச் சொல்கிறது.

ஜூன் 10, இரவு 9.40

இந்தப் பெயர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று கேட்டிருந்தார். புராஜெக்ட் ஃபோல்டரில் எல்டி என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும், அதுதான் லிங்கர் ஸ்கிரிப்ட். நோட்பேடில் திறந்து படிக்கலாம். மேலே மெமரி என்று ஒரு பகுதி: ஃபிளாஷ் 08000000இல் தொடங்கி 64 கேபி, ரேம் 20000000இல் தொடங்கி 20 கேபி. அதற்குக் கீழே செக்ஷன்ஸ், அதாவது எந்தப் பகுதி எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்.

அங்கே ஒரு ஒற்றைப் புள்ளி அடிக்கடி வரும். லிங்கர் இப்போது எந்த முகவரியில் நிற்கிறது என்பதுதான் அந்தப் புள்ளி. டேட்டா செக்ஷனுக்குள் தொடக்கத்தில், _எஸ்டேட்டா = புள்ளி. அடுத்து, எல்லா ஆப்ஜெக்ட் ஃபைல்களின் டேட்டாவையும் இங்கே கொட்டு என்று ஒரு வரி. கொட்டக் கொட்டப் புள்ளி நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் _ஈடேட்டா = புள்ளி. அவ்வளவுதான், இதில் மாயம் ஒன்றும் இல்லை. நீங்களே ஒரு பெயர் வைத்து ஒரு வரி சேர்க்கலாம், உடனே சி கோடில் அது கிடைக்கும்.

ஸ்டாக்கின் மேல் எல்லையைக் குறிக்கும் _ஈஸ்டாக் கொஞ்சம் வேறு. அது எந்தச் செக்ஷனையும் ஒட்டி வருவதில்லை. ரேம் தொடக்கத்தோடு ரேம் அளவைக் கூட்டிப் போட்டது, அதாவது 20005000. ஃபிளாஷின் தொடக்கத்தில் உள்ள முகவரிப் பட்டியலான வெக்டர் டேபிளின் முதல் சொல்லே அதுதான். சிப் விழித்ததும் முதலில் அந்த எண்ணை எடுத்து ஸ்டாக் பாயிண்டரில் வைத்துக்கொண்டுதான் மற்ற வேலையைப் பார்க்கிறது. ஒரு வரி கோடுகூட ஓடும் முன்பே லிங்கர் சொன்ன எண்ணை வன்பொருள் நம்பிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

ஜூன் 11, காலை 6.50

_எஸ்ஐடேட்டாவைப் பற்றிச் சொல்லாமல் டேட்டாவைப் புரியவைக்க முடியாது.

மோட்டார் ஆஃப் ஆக வேண்டிய நீர்மட்டம் 40 என்று ஒரு குளோபல் வேரியபிளில் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஓடும்போது அது ரேமில் இருக்க வேண்டும், மாற்ற வேண்டியிருக்கும். கரண்ட் போனால் ரேமில் ஒன்றும் நிற்காது. அப்போது அந்த 40 எங்கே இருக்கும்? ஃபிளாஷில் ஒரு பிரதி இருக்கிறது. ஆக டேட்டா செக்ஷனுக்கு இரண்டு முகவரி. ஓடும்போது வாழும் முகவரி ரேமில், ஏற்றி வைக்கும் முகவரி ஃபிளாஷில். _எஸ்டேட்டாவும் _ஈடேட்டாவும் முதல் வகை. _எஸ்ஐடேட்டா இரண்டாம் வகை, ஸ்கிரிப்டில் லோட்அட்ரஸ் கேட்டு வாங்கியது. ஸ்டார்ட்அப் ஃபைலில் உள்ள ரீசெட் ஹேண்ட்லர் _எஸ்ஐடேட்டாவில் தொடங்கி எடுத்து, _எஸ்டேட்டா முதல் _ஈடேட்டா வரை நான்கு நான்கு பைட்டாக நகல் செய்யும். பிறகு _எஸ்பிஎஸ்எஸ் முதல் _ஈபிஎஸ்எஸ் வரை பூஜ்யம் போடும். அப்புறம்தான் மெயின்.

உங்கள் 40 வேரியபிளில் வந்து சேர்வது _எஸ்ஐடேட்டா, _எஸ்டேட்டா, _ஈடேட்டா என்ற மூன்று சிம்பல்கள் சரியாக இருப்பதால்தான்.

ஜூன் 12, மதியம்

மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதால் இன்று இங்கே யாரைக் கேட்டாலும் தண்ணீர்ப் பேச்சுத்தான். அணை திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்கு போர்வெல்தான். எனக்கும் பம்ப் செட் கன்ட்ரோலர் வேலை குவிந்திருக்கிறது, இரவில்தான் எழுத முடியும்.

ஜூன் 13, இரவு 10.30

தஞ்சாவூர் அக்கா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: _எஸ்பிஎஸ்எஸ் = புள்ளி என்ற வரியை பிஎஸ்எஸ் செக்ஷனின் அடைப்புக்கு வெளியே, அதற்கு முந்தைய வரியில் எழுதினால் படிக்கத் தெளிவாக இருக்கிறது என்று.

அக்கா, படிக்கத் தெளிவுதான், ஆனால் நான் உள்ளேதான் எழுதுவேன். இரண்டு காரணம். செக்ஷனுக்கு 8 பைட் எல்லை (8ஆல் வகுபடும் முகவரி) தேவைப்பட்டால் லிங்கர் அதன் தொடக்கத்தைச் சற்றுத் தள்ளி வைக்கும். வெளியே எழுதிய சிம்பல் பழைய இடத்திலேயே நிற்கும். பிஎஸ்எஸ்ஸில் இதனால் பெரிய கேடு இல்லை, நாலு பைட் கூடுதலாக பூஜ்யமாகும், அவ்வளவே. டேட்டாவில் இப்படிச் செய்தால் நகல் முழுவதும் நான்கு பைட் இடம் மாறி விழும். ஒவ்வொரு வேரியபிளிலும் பக்கத்து வேரியபிளின் மதிப்பு.

இரண்டாவது காரணம் இன்னும் பொல்லாதது. ஸ்கிரிப்டில் பெயர் சொல்லாத செக்ஷன் ஏதாவது ஒரு லைப்ரரியிலிருந்து வந்தால், லிங்கர் அதைத் தானாக ஓரிடத்தில் செருகும். அந்த இடம் உங்கள் சிம்பலுக்கும் செக்ஷனுக்கும் நடுவில் அமையலாம். அடைப்புக்குள்ளே எழுதிவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

ஜூன் 16, இரவு 11.50

நேரம் கிடைத்திருக்கிறது. இந்த சிம்பல்கள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்ல ஒரு நிகழ்ச்சியை விரிவாக எழுதுகிறேன்.

நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கிழக்கே ஒருவர் வயலில் பம்ப் செட் கன்ட்ரோலர். ஃபோனிலிருந்து மெசேஜ் அனுப்பினால் மோட்டார் ஓடும், நிற்கும். த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது ஓட்ட வேண்டும், ராத்திரியில் வரப்பில் நடக்க வேண்டியதில்லை என்பதற்காகவே வாங்கியிருந்தார். ஆனால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் பாதி காய்ந்திருக்கிறது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, விதை நெல்லு போயிடும்ப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

போர்டு ரீசெட் ஆகிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரிய வேண்டும். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்கி ரீசெட் ஆகிறதா, அல்லது புரோகிராம் எங்கோ மாட்டிக்கொண்டு வாட்ச்டாக் (புரோகிராம் நின்றுபோனால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) தட்டுகிறதா? வாட்ச்டாக் ரீசெட்டில் ரேம் அழிவதில்லை. ரேமில் இருப்பதை அழிப்பது நம்முடைய ஸ்டார்ட்அப் கோடுதான். எனவே ஸ்டார்ட்அப் தொடாத ஒரு சிறு பகுதி ரேமில் இருந்தால், ரீசெட்டுக்கு முன் புரோகிராம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை அதில் எழுதி வைக்கலாம். நோஇனிட் என்று அதற்குப் பெயர். முதலில் ஒரு அடையாள எண், பிறகு ரீசெட் எண்ணி, பிறகு கட்ட எண். கரண்ட் முழுதாகப் போய் வந்தால் அடையாள எண் கலைந்திருக்கும், அப்போது புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம்.

அந்த போர்டுக்கு முன்பு வேலை செய்தவர் இதை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார். ஆனால் எண்ணி எப்போதும் பூஜ்யம். அதை வைத்து, வாட்ச்டாக் இல்லை, கரண்ட்தான் காரணம் என்று முடிவு கட்டி, அடாப்டரை மாற்றி, பெரிய கப்பாசிட்டர் போட்டுப் பார்த்திருந்தார்கள். நிலைமை மாறவில்லை.

நான் மேப் ஃபைலைத் திறந்தேன். _எஸ்பிஎஸ்எஸ் 20000140. _ஈபிஎஸ்எஸ் 20001024. எண்ணியின் முகவரி 20000938. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் போதும், விஷயம் முடிந்தது. அழியக் கூடாத எண்ணி, அழிக்கப்படும் பகுதிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு ரீசெட்டிலும் ஸ்டார்ட்அப் அதைத் துடைத்துவிடுகிறது.

ஏன் அங்கே போனது? அந்த வேரியபிளுக்கு வைத்த செக்ஷன் பெயர், பிஎஸ்எஸ் புள்ளி நோஇனிட். ஸ்கிரிப்டில் நோஇனிட்டுக்குத் தனிப் பகுதி இருந்தது, ஆனால் பிஎஸ்எஸ் பகுதிக்குக் கீழே. பிஎஸ்எஸ் பகுதியிலோ, பிஎஸ்எஸ் என்று தொடங்கும் எதுவானாலும் இங்கே வா என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தது. லிங்கர் மேலிருந்து கீழே வரும், முதலில் பொருந்துகிற இடத்தில் போட்டுவிடும். கீழே இருந்த தனிப் பகுதிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எர்ரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை.

பெயரை வெறும் நோஇனிட் என்று மாற்றினேன். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு சிம்பல் வைத்தேன். இனி இப்படி நடந்தால் பில்டே ஓடக் கூடாது என்று ஸ்கிரிப்டில் ஒரு அசர்ட் வரியும் சேர்த்தேன்: நோஇனிட் முடிவும் தொடக்கமும் ஒன்றாக இருந்தால் நிறுத்து. போர்டைத் திரும்ப வயலில் மாட்டியதும் அன்றிரவே எண்ணி ஏறத் தொடங்கியது. கட்ட எண், ஜிஎஸ்எம் மாடம் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டம். சிக்னல் மெலிந்த நேரத்தில் மாடம் பதில் தராமல் இழுத்தடிக்க, புரோகிராம் அங்கேயே நிற்க, வாட்ச்டாக் தட்டியிருக்கிறது. காத்திருப்புக்கு ஒரு காலக்கெடு வைத்ததும் சரியாகிவிட்டது. கரண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஜூன் 17, காலை 8.10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நோஇனிட் செக்ஷன் சேர்த்திருக்கிறார். இப்போது சிப்பில் ஏற்றும் பின் ஃபைல் 384 எம்பி வருகிறது, சிப்பில் 64 கேபிதானே என்று பதறிப்போய்க் கேட்கிறார்.

பதற்றம் வேண்டாம். 20000000இலிருந்து 08000000ஐக் கழித்தால் ஹெக்ஸில் 18000000, அது சரியாக 384 எம்பி. பின் ஃபைலில் முகவரி எழுத இடமில்லை, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை இடைவெளியையும் நிரப்பித்தான் எழுத முடியும். ரேம் முகவரியில் இருக்கும் ஒரு செக்ஷனை, உள்ளடக்கம் உள்ளதாக லிங்கர் எடுத்துக்கொண்டிருக்கிறது. எனவே ஃபிளாஷ் தொடக்கத்திலிருந்து ரேம் வரை முழுவதும் நிரம்பியிருக்கிறது. செக்ஷன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நோலோட் என்று போடுங்கள். டேட்டா செக்ஷனில் ஃபிளாஷில் ஏற்று என்ற பகுதியை விட்டுவிட்டாலும் இதே 384தான் வரும். இந்த எண்ணைப் பார்த்ததும் நேராக லிங்கர் ஸ்கிரிப்டுக்குப் போகலாம்.

ஜூன் 21, இரவு 10.05

மாணவத் தம்பி அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார். 20480இல் 4132 போனால் 16348 பைட் மிச்சம், அதில் ஸ்டாக் எவ்வளவு தின்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெயினுக்கு முன்பே, _ஈபிஎஸ்எஸ் முதல் அப்போதைய ஸ்டாக் பாயிண்டருக்குக் கொஞ்சம் கீழே வரை, ஒரே மாதிரி ஒரு எண்ணால் நிரப்பிவிடுங்கள். கருவியை நன்றாக ஓடவிடுங்கள், எல்லா மெசேஜும் அனுப்புங்கள், மோட்டாரை ஏற்றி இறக்குங்கள். பிறகு கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தால் எண் எங்கே கலைந்திருக்கிறதோ அதுவரை ஸ்டாக் இறங்கி வந்திருக்கிறது. சும்மா மேசையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நம்ப வேண்டாம். ஓடும் வேலையை நிறுத்திக் குறுக்கிடும் இன்டரப்ட் ஒன்றின் மேல் ஒன்று விழும் நேரம்தான் ஸ்டாக் ஆழமாகப் போகும்.

ஜூன் 21, இரவு 10.40

இதற்கு ஒரு திருத்தம், 16ஆம் தேதி சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நோஇனிட் பகுதியை பிஎஸ்எஸ்ஸுக்கு அடுத்து வைத்திருப்பவர்கள் _ஈபிஎஸ்எஸ்ஸிலிருந்து நிரப்பினால் நோஇனிட்டும் அழிந்துவிடும். அவர்கள் எண்ட் என்ற சிம்பலிலிருந்து தொடங்குங்கள். ஹீப் தொடங்கும் இடம் அது, ஓடும்போது நினைவகம் கேட்கும் ஃபங்ஷன் மல்லாக்; அதற்கு எஸ்பிஆர்கே என்ற ஃபங்ஷன் அங்கிருந்துதான் இடம் எடுத்துக் கொடுக்கிறது. நான் மல்லாக்கே பயன்படுத்தவில்லை என்று நினைக்கலாம். இங்கே பயன்படும் சி லைப்ரரியான நியூலிப்பின் முழு பிரிண்ட்எஃப் முதல் முறை ஓடும்போதே தன் பஃபருக்கு மல்லாக் கேட்கும். எனவே அடியில் கொஞ்சம் கலைந்திருந்தால் அது ஸ்டாக் அல்ல, ஹீப். நடுவில் கலையாமல் இருக்கும் நீளம்தான் உண்மையான மிச்சம்.

ஜூன் 24, இரவு 9.15

லினக்ஸ் கணினியில் இந்தப் பெயர்கள் உண்டா என்று கும்பகோணத்திலிருந்து ஒரு கேள்வி.

உண்டு, இவை அங்கிருந்து வந்தவைதான். ஈடெக்ஸ்ட் (கோடு முடியும் இடம்), ஈடேட்டா, எண்ட் மூன்றும் பழைய யூனிக்ஸ் காலத்திலிருந்தே இருப்பவை. டெர்மினலில் மேன் 3 எண்ட் என்று அடித்தால் பக்கம் வரும். அந்தப் பக்கமே, இவை எந்தத் தரநிலையிலும் இல்லை, பார்த்துப் பயன்படுத்துங்கள் என்று சொல்கிறது. அன்று எண்ட் என்பதுதான் ஹீப் தொடங்கும் இடம். இப்போது லினக்ஸ் பாதுகாப்புக்காக ஹீப் தொடக்கத்தை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைக்கிறது. எனவே எண்ட் முகவரியையும் முதல் எஸ்பிஆர்கே முகவரியையும் ஒப்பிட்டு வித்தியாசம் ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ட் என்ற பெயரில் நானே ஒரு ஃபங்ஷன் எழுதினால் மோதாதா? மோதாது. லிங்கர் ஸ்கிரிப்டில் அந்தப் பெயரை ப்ரொவைட் என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். யாராவது அந்தப் பெயரைக் கேட்டு, யாருமே அதை உருவாக்காமல் இருந்தால் மட்டும் லிங்கர் கொடுக்கும். முன்னால் அண்டர்ஸ்கோர் உள்ள பெயர்கள் நமக்குரியவை அல்ல என்பது சி மொழியின் ஏற்பாடு, அவற்றை நேராகவே வைத்துவிடுவார்கள்.

எம்ஐடியின் பாடத்துக்கான சிறு ஆபரேட்டிங் சிஸ்டமான எக்ஸ்வி6 படிக்கும் மாணவர்கள் அதன் கேஅலாக் ஃபைலைப் பாருங்கள். எண்ட் ஒரு கேரக்டர் அர்ரேயாக அறிவிக்கப்பட்டிருக்கும். கெர்னல் முடிந்த இடத்திலிருந்து மேலே உள்ள நினைவகம் அத்தனையும் பக்கம் பக்கமாக ஃப்ரீ லிஸ்டில் சேர்வது அந்த ஒரு சிம்பலை நம்பித்தான்.

லினக்ஸ் கெர்னலும் அப்படியே. பூட் ஆகும்போது டிமெசேஜில், பயன்படாத கெர்னல் நினைவகத்தை விடுவிக்கிறேன் என்று ஒரு வரி ஓடும். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஓடும் கோடுகள் எல்லாவற்றையும் ஒரே பகுதியில் குவித்து, இரண்டு பக்கமும் இனிட் பிகின், இனிட் எண்ட் என்று சிம்பல் வைத்து, வேலை முடிந்ததும் அந்த இடைவெளியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 25, காலை 7.00

மேக்புக்கில் லிங்க் ஆகவில்லை என்றவருக்கு: மேக்கில் இந்த மூன்று பெயர்களும் நேராகக் கிடைக்காது. கெட்செக்ட் ஹெடரில் கெட் எண்ட், கெட் ஈடெக்ஸ்ட் என்று ஃபங்ஷன்கள் உண்டு.

ஜூன் 28, இரவு 11.10

ஸ்கிரிப்டையே தொடாமல் சிம்பல் வாங்கும் வழி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் செக்ஷன் பெயர் சி மொழியில் ஒரு வேரியபிள் பெயராக வைக்கக் கூடியதாக இருந்தால், அதாவது முன்னாலோ நடுவிலோ புள்ளி எதுவும் இல்லாமல் இருந்தால், குனு லிங்கர் தானாகவே அந்தப் பெயருக்கு முன்னால் ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து இரண்டு சிம்பல் கொடுக்கும். முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர்.

என் கன்ட்ரோலரில் மெசேஜ் கட்டளைகளை இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஓட்டு, நிறுத்து, நிலவரம் ஒவ்வொன்றும் தனித்தனி சி ஃபைல். ஒவ்வொரு ஃபைலும் தன் கட்டளையையும் ஃபங்ஷனையும் ஒரே பெயர் கொண்ட செக்ஷனில் போடும். மெயின், ஸ்டார்ட் முதல் ஸ்டாப் வரை சுற்றிப் பார்க்கும். புதுக் கட்டளை வேண்டுமென்றால் ஒரு ஃபைலைச் சேர்த்தால் போதும், வேறு எந்த ஃபைலையும் திறக்க வேண்டியதில்லை. நம் ஆட்கள் கேட்கும் வசதிகள் ஒவ்வொரு போகத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு இது பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. அந்த சுற்றில் ஸ்டாப்புக்குச் சமமாக இல்லாதவரை ஓடு என்று எழுதினால், இரண்டு வெவ்வேறு அர்ரேக்கள் ஒரே முகவரியில் தொடங்க முடியாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பகுதி காலியாக இருந்தால் உண்மையில் இரண்டும் ஒரே முகவரிதான். ஆனால் கம்பைலர் முதல் சோதனையைத் தேவையில்லை என்று நீக்கிவிடலாம், சுற்று எல்லை தாண்டி ஓடும். லினக்ஸ் கெர்னலிலும் இந்தச் சிக்கல் வந்து, முகவரியைக் கம்பைலரின் கண்ணிலிருந்து மறைக்கும் மேக்ரோ வைத்திருக்கிறார்கள். நான் முடிவு முகவரியை ஒரு வாலடைல் பாயிண்டரில் (அதன் மதிப்பைக் கம்பைலர் ஊகிக்கக் கூடாது என்று பொருள்) வாங்கி ஒப்பிடுகிறேன்.

ஜூலை 3, இரவு 10.20

தமிழில் "மோட்டார் ஓடுகிறது" என்று எழுத்து காட்டும் திரை பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். இந்த இழைக்குச் சம்பந்தம் இருக்கிறது, இங்கேயே எழுதுகிறேன். எழுத்துருப் படங்களை ஒரு பின் ஃபைலாக வைத்து, ஆப்ஜ்காப்பி என்ற கருவி மூலம் ஆப்ஜெக்ட் ஃபைலாக மாற்றிச் சேர்க்கலாம். அது பைனரி என்று தொடங்கி, உங்கள் ஃபைல் பாதையை ஒட்டி, ஸ்டார்ட், எண்ட், சைஸ் என்று முடியும் மூன்று சிம்பல் தரும். பாதையில் உள்ள சாய்கோடு, புள்ளி எல்லாம் அண்டர்ஸ்கோராக மாறிவிடும்.

மூன்றாவதைத் தொடாதீர்கள். அதில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் அளவை வைத்திருக்கிறார்கள். போர்டில் சரியாக வரும். அதே கோடை லேப்டாப்பில் சோதிக்க ஓட்டினால், இப்போதைய லினக்ஸ் புரோகிராம்கள் எந்த முகவரியிலும் ஏறக்கூடியவை என்பதால், ஏறிய இடத்தின் முகவரியும் அளவோடு கூடிவிடலாம். எழுத்துரு அளவு என்று ஒரு பயங்கரமான எண் என் திரையில் வந்தது. எண்ட் கழித்தல் ஸ்டார்ட் எழுதினால் இரண்டும் ஒன்றாக நகரும், கழித்தால் சரியான அளவு.

ஜூலை 4, காலை

கெயில் என்ற கம்பைலர் தொகுப்பு பயன்படுத்துபவர்களுக்கு: அங்கே லிங்கர் ஸ்கிரிப்டுக்குப் பதில் ஸ்கேட்டர் ஃபைல். சிம்பல் பெயர்களில் இரட்டை டாலர் வரும், இமேஜ், பகுதியின் பெயர், பேஸ் அல்லது லிமிட் என்ற வரிசையில். இன்னொரு தொகுப்பான ஐஏஆரில் செக்ஷன் பிகின், செக்ஷன் எண்ட் என்று கேட்டு வாங்கலாம். பெயர்கள் வேறு, மேலே சொன்ன முகவரிக் கணக்கு எல்லாம் அதேதான்.

ஜூலை 12, இரவு 9.50

மாணவத் தம்பிக்குப் பெரிய போர்டு கிடைத்திருக்கிறது, எஸ்டிஎம்32எஃப்407. அதில் 10000000 முகவரியில் சிசிஎம் என்று தனியாக 64 கேபி ரேம் இருக்கிறது. அங்கே ஒரு டேபிளை வைத்தேன், தொடக்க மதிப்புகள் எல்லாம் தப்பாக வருகின்றன என்கிறார்.

தம்பி, உங்கள் ஸ்டார்ட்அப் கோடுக்கு அந்த இரண்டாவது ரேம் இருப்பதே தெரியாது. அது நகல் செய்வது _எஸ்டேட்டாவிலிருந்து _ஈடேட்டா வரை மட்டும். சிசிஎம்முக்கும் மூன்று சிம்பல் வையுங்கள்: தொடக்கம், முடிவு, ஃபிளாஷில் ஏற்றிய இடம். ஸ்கிரிப்டில் சில பதிப்புகளில் இவை ஏற்கனவே இருக்கும், நகல் செய்யும் சுற்று மட்டும் இருக்காது. ரீசெட் ஹேண்ட்லரில் டேட்டா நகலுக்கு அடுத்து அதே மாதிரி ஒரு சுற்று சேர்த்துவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நான்கு பைட் எல்லை போட மறக்க வேண்டாம், சுற்று நான்கு நான்காகத்தான் போகும்.

பிராசசர் உதவியில்லாமல் டேட்டாவை நகர்த்தும் டிஎம்ஏ பயன்படுத்தும் பஃபர் எதையும் அங்கே வைக்காதீர்கள். சிசிஎம் பிராசசரோடு மட்டும் இணைந்தது, டிஎம்ஏவுக்கு அங்கே வழி கிடையாது. சென்சார் பஃபர்கள் 20000000இலேயே இருக்கட்டும், டேபிளும் ஸ்டாக்கும் சிசிஎம்முக்குப் போகலாம். ஸ்டாக்கை மாற்றினால் _ஈஸ்டாக் 10010000 ஆக வேண்டும். ஸ்டாக் அளக்க நிரப்பும் கோடும் எண்ட் இலிருந்து அல்லாமல் சிசிஎம் முடிவுச் சிம்பலிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றிவிட்டு மேப் ஃபைலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.